கொள்ளுப்பருப்பும் கரண்ட் கட்டும்

பனியன் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். மெஷின்கள் ஓடுகிற வரைக்கும் யார் வயிறு என்ன பேசினாலும் வெளியே கேட்காது. வரிசையாக ஓவர்லாக் தையல் மெஷின்கள் இரையும்போது, பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதனால் அந்த ஹாலில் நாங்கள் எல்லாருமே கொஞ்சம் தாராளமாகத்தான் இருந்தோம். முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டால் போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. எல்லா மெஷினும் ஒரே சமயத்தில் நின்றன. என் வயிறு மட்டும் நிற்கவில்லை. தொடங்கியதை நடுவில் நிறுத்த முடியாத நிலைமை எனக்கு. பாதி ஹால் திரும்பிப் பார்த்தது, மீதி ஹால் மேஜையில் கவிழ்ந்து சிரித்தது. என்னைப் போலவே தாராளமாக இருந்த மகராசிகள்தான் அதிகம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கரண்ட் போனாலே எல்லாரும் என் பக்கம் காதைத் திருப்பினார்கள்.

இந்தப் பேரோடு நான் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ஒரு நாள் கூப்பிட்டார். கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டுப் பையருக்குக் காட்டும் துணிகளைத் தைக்கிற சாம்பிள் ரூமில் ஆள் தேவைப்பட்டது. தனி அறை, தலைக்கு மேல் ஃபேன், தைத்த பீஸை எண்ணிக் கூலி வாங்க ஓட வேண்டிய அவசரம் கிடையாது. எனக்கு அந்த இடத்தின் மேல் ரொம்ப நாளாக ஆசை.

"உன் தையல் சுத்தம் அம்மிணி. அடுத்த மாசம் போயி, பையர் வந்துட்டுப் போற வரைக்கும் அங்க உக்காரு. நல்லபடியாப் போச்சுன்னா அங்கயே இருந்துக்கலாம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "அந்த ரூமுல இத்தனை மெஷின் சத்தம் இருக்காது. பாத்துக்க கண்ணு."

அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. "சரிங்க" என்றேன்.

நானும் சும்மா இருந்தவள் இல்லை. சாப்பிட்டதும் ஓடிப்போய் கோலி சோடா குடித்துக்கொண்டுதான் இருந்தேன். சோடா குடித்தால் ஏப்பம் வரும், ஏப்பம் வந்தால் வாயு ஒழிந்தது என்று கம்பெனி முழுக்க நம்பிக்கை. பக்கத்து மெஷின்காரி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: "ஏட்டி, கேஸைக் கொறைக்க கேஸையே குடிக்கியே, ஒனக்குக் கிறுக்கா?"

எனக்கு உறைத்தது. காசு கொடுத்துக் காற்றை வாங்கி உள்ளே ஊற்றியிருக்கிறேன்! சோடாவை அன்றோடு விட்டேன். அவள் சொன்ன ஓமத்தண்ணீர் கொஞ்சம் கேட்டது. நல்லதுதானே என்று கைநிறைய ஓமத்தைப் போட்டுக் காய்ச்சிக் குடித்ததில் நெஞ்சு எரிந்து, அவளிடம் திட்டும் வாங்கினேன்.

அடுத்தது கொள்ளு. என் வீட்டுக்காரருக்குக் கொள்ளுப்பருப்பு இல்லாமல் சோறு இறங்காது. அதை ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவிட்டு, பூண்டும் சீரகமும் பெருங்காயமும் தட்டிப்போட்டுக் கடைந்தேன். அதுவும் தினமும் கிடையாது. மொச்சைக்கும் முட்டைகோசுக்கும் வீட்டில் இடமில்லை. குடிக்க மோர், மோரிலும் இஞ்சி, பெருங்காயம். "ஏன் புள்ள, நம்ம ஊடே பெருங்காய டப்பா மாதிரி நாறுது" என்றார் அவர். நாறினால் நாறட்டும் என்றேன்.

மிகவும் சிரமப்பட்டது மென்று தின்பதற்குத்தான். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள் பஸ் கிளம்பப் போவது மாதிரிதான் சாப்பிடுவோம். சோற்றோடு காற்றும் சேர்ந்து இறங்கும். நான் மெதுவாக மென்றுகொண்டிருக்க, மற்றவர்கள் டிபன் பாக்ஸ் கழுவிவிட்டு வந்து என்னை வேடிக்கை பார்த்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடியா என்று அக்கம்பக்கம் கேலி செய்தது. ஆனால் வயிறு அடங்கிவிட்டது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! தலைநிமிர்ந்து சாம்பிள் ரூமுக்குப் போனேன்.

பையர் வந்தார். வெள்ளைக்காரர், நெட்டையான ஆள். நான் தைத்த சட்டையின் கழுத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் சூப்பர்வைசர், ஸ்டூலில் நான். பக்கத்து ஹாலின் இரைச்சல் சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது, ஹால் அடங்கியது. அந்த அமைதியில் ஒரு சத்தம் வந்தது.

என்னுடையது இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் சூப்பர்வைசர் நெருப்பாக என்னைத்தான் முறைத்தார். முதலாளியோ, நின்றுபோன ஃபேனை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியது இவர் பழியைச் சுமக்கவா? நான் இல்லை என்றால் முதலாளியைக் காட்டிக்கொடுத்ததாகும், வேலை போய்விடும். பேசாமல் இருந்தால் என் மேல் விழும், அப்போதும் வேலை போய்விடும். சட்டென்று எழுந்து ஸ்டூலைத் தரையோடு சேர்த்து இழுத்தேன். முதல் தடவை சத்தமே வரவில்லை, பாவி ஸ்டூல். இரண்டாவது இழுப்பில் ஏதோ ஒன்று முனகியது.

"அந்த ஸ்டூல மாத்தோணும்" என்றார் முதலாளி, கூரையைப் பார்த்தபடியே. பையர் பெரிய மனது பண்ணித் தலையாட்டிவிட்டு மறுபடியும் சட்டைக் கழுத்தை இழுக்க ஆரம்பித்தார்.

பையர் கிளம்பிப் போன பிறகு முதலாளி திரும்பி வந்தார். சூப்பர்வைசரை டீ வாங்க அனுப்பினார். கதவைச் சாத்தியும் சாத்தாமலும் விட்டுவிட்டு, தைத்த துணியைப் புரட்டிப் பார்ப்பது மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவான குரலில் கேட்டார்:

"ஏனம்மிணி, உனக்கு முந்தி அந்தத் தொந்தரவு இருந்துதாமா. எப்படிச் சரி பண்ணுனே?"

என் புகழ் அதுவரைக்கும் போயிருக்கிறது! வெட்கத்தில் குறுகியிருக்க வேண்டும், எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இந்த ரூமு வேலை எனக்கு நெரந்தரமுங்களா?"

"அதான் நானே சொல்றனல்ல, நெரந்தரந்தான்."

"அப்படின்னா உக்காருங்க, சொல்றேன்."