மீனுக்கு அடிக்காத கரண்ட்

கரண்ட் பார்க்கும் டெஸ்டரின் நுனியை மீன் தொட்டித் தண்ணீருக்குள் விட்டேன். எரிந்தது!

ஸ்விட்ச் போர்டில் அல்ல, ப்ளக்கில் அல்ல... தண்ணீரில். என் கட்டைவிரலுக்குக் கீழே அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சம் அசையாமல் நின்றது. தீனி வந்திருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, நாலைந்து கப்பி மீன்கள் வந்து டெஸ்டரின் நுனியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின.

எனக்குப் பின்னால் என் மனைவி சாந்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் இருந்து அவளைக் கூட்டி வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இது நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

சென்ற மாதம் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் என் மீன் தொட்டி லைட்டைப் பற்றி எழுதியிருந்தேன் – நினைவிருக்கிறதா? எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸை இடித்துக் கட்டும்போது வேண்டாம் என்று வெளியே வைத்த தொட்டி. தண்ணீர் ஒழுகிய மூலையைப் பசை போட்டு அடைத்து, எங்கள் ஊர் தெமோதரைக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது; முன் அறைக்கு ஒரே ஜன்னல். பகலிலேயே மீன்கள் நிழல் மாதிரித்தான் தெரியும். லைட் வேண்டுமே?

நானே செய்தேன். பழுதாகிப்போன எல்.ஈ.டி. பல்புகளை உடைத்தால் உள்ளே வட்டமாக ஒரு தட்டு இருக்கும். அதில் மணி மணியாகச் சின்ன லைட்டுகள். பெரும்பாலும் ஒரு மணிதான் செத்திருக்கும். அதைத் தாண்டி ஈயம் வைத்து ஒட்டினால் மற்றதெல்லாம் எரியும். அப்படி நாலு பல்புகள். மேலே ஒரு மரச்சட்டம்.

வெளிச்சம் கூரைப் பக்கம் வீணாகப் போகாமல் தண்ணீருக்குள் விழ வேண்டாமா? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். எனக்குத் தேயிலை ஃபேக்டரியில் பாக்கிங் வேலை. தூள் அடைக்கும் பைகளின் உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். கிழிந்த பை ஒன்றில் இருந்து அதை உரித்து, சட்டத்துக்குள் பளபளவென்று ஒட்டினேன்.

அந்த வெள்ளித்தாளைத்தான் அன்றைக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். ஆள் வந்தால் வீட்டின் பின்பக்கம் நழுவிவிடும் ஆள் நான். எழுதும்போது மட்டும் வாய் நீளம்.

லைட் எரிந்த முதல் நாள் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, ஒங்க வீட்டுல சினிமா ஓடுதா?" என்றார்.

சாந்தி விடவில்லை. "மீனுக்கு லைட்டு போட்டாச்சு. மெத்தை எப்ப வாங்குறீங்க?"

ஆனால் அவளுக்கும் பிடித்திருந்தது. மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கி வைத்ததும் நேரே தொட்டியிடம்தான் போவாள். விரலை நனைத்து விளையாடுவாள். மீன்கள் ஓடி வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்பு ஒருநாள் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"ஏங்க, தண்ணியில கைய வச்சா சுள்ளுங்குதுங்க."

"ஒன் விரலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. தண்ணி பட்டா எரியாதா?"

"எரிச்சல் எனக்குத் தெரியாதா? இது வேற மாதிரி இருக்கு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே போய் முழங்கை வரை கையை விட்டுக் காட்டினேன். ஒன்றுமே இல்லை!

"பாரு. எனக்கு ஒன்னும் இல்ல. அதுக்குள்ளயே கெடக்குற மீனுக்கும் ஒன்னும் இல்ல. ஒனக்கு மட்டும் எப்படி அடிக்கும்?"

அடுத்த வாரம் இன்னொரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை நான் மீனைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டு இல்லை, யாருக்கும் வேலை இல்லை. அன்றைக்குத்தான் எங்கள் லயத்தில் எல்லோரும் வீடு கழுவுவார்கள். சாந்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி சிமெண்ட் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்கால். தொட்டியில் ஒரு இலை அழுகி மிதந்தது. அதை எடுக்கக் கையை விட்டாள்.

நான் வாசலில் இருந்தேன். கத்தல்கூட வரவில்லை... தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம்தான். திரும்பிப் பார்த்தால் அவள் உடம்பு விறைத்து நிற்கிறது. அடுத்த நொடி பின்னால் சாய்ந்து தரையில் விழுந்தாள். வாளி உருண்டது.

ப்ளக்கைப் பிடுங்கினேன். எப்படிப் பிடுங்கினேன் என்று கேட்டால் தெரியாது. அவள் கண் திறந்திருந்தது. கூப்பிட்டால் என் பக்கம் திரும்பவில்லை. பார்வதி அக்கா ஓடி வந்து அவள் நெஞ்சைத் தேய்த்தார். யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள்.

பதுளை போகிற பாதி வழியில்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. ஒரே ஒரு வாக்கியம்.

"நான் சொன்னேன்ல..."

அதோடு சரி. மிச்சப் பாதி வழி முழுக்க நான் ஆட்டோவின் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். சாயங்காலம் வரை வைத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை, கூட்டிப் போகலாம் என்றார்கள். என்ன தொட்டீர்கள் என்று கேட்ட நர்ஸிடம் "மீன் தொட்டி" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் பாலண்ணன் வீட்டில் காத்திருந்தார். "சாந்தி, நீ கட்டில விட்டு எறங்காத" என்று சொல்லிவிட்டு, லைட்டைப் போட்டு, டெஸ்டரை என் கையில் கொடுத்தார். மிச்சத்தைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

பிறகு ப்ளக்கைக் கழற்றிவிட்டு சட்டத்தைத் திருப்பினார். வெள்ளித்தாளின் ஒரு பக்கம் நான் ஈயம் வைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு மூலை ஆவியில் நனைந்து, பிரிந்து, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பல்புத் தட்டுகளில் ஓடுவது நேர் மெயின் கரண்ட்டாம். பல்பின் மூடி இருக்கும்வரைதான் நமக்குப் பாதுகாப்பு.

இருபது வருஷம் பாக்கிங்கில் நின்றவன் கண்ணுக்கு வெள்ளித்தாள் என்றால் என்ன? தூளில் ஈரம் ஏறாமல் காக்கிற காவல்காரன். அது கரண்டைக் கொண்டுபோகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப மீனு ஏன் சாகல அண்ணே?"

"மீனு தரையில நிக்கலடா. கண்ணாடிக்குள்ள தண்ணியோட தண்ணியாக் கெடக்கு. ஓம் பொண்டாட்டிதான் ஈரத்தரையில நின்னா."

"எனக்கும் அடிக்கலையே?"

பாலண்ணன் என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரப்பர் செருப்பு! குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்கிறவன் நான். சாமி படம் இருக்கிற அறையில் செருப்பா என்று சாந்தி ஏசாத நாள் இல்லை. அந்தப் படத்துக்கு மரியாதை கொடுத்து வெறுங்காலோடு நடந்தவளுக்கு அடித்தது. மரியாதை கொடுக்காத நான் கையை விட்டுக் காட்டி வாதாடினேன்.

இன்னும் ஒன்று பாக்கி. "ட்ரிப் சுவிட்ச் ஏன் விழல?" என்று கேட்டார் பாலண்ணன்.

மழைக்காலத்தில் லயத்துச் சுவர் ஊறிப்போகும். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்ச் அப்போது சும்மா சும்மா விழும். வீடே இருட்டாகிவிடும். அதனால் அதைத் தாண்டி 'டைரக்ட்' கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டில் நான்தான் கொடுத்தேன். கேட்டார்கள் என்று இன்னும் நாலு வீடுகளுக்கும் கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை வேலை விட்டு வந்ததும் பாலண்ணனோடு அந்த நாலு வீடுகளுக்கும் போனேன். பேச வேண்டியது நான்தான் என்று சொல்லிவிட்டார்.

முதலில் பார்வதி அக்கா வீடு. "வாங்க தம்பி, சாந்தி எப்படி இருக்கு? தேத்தண்ணி குடிங்க."

"தேத்தண்ணி வேணாங்கக்கா. ஒங்க வீட்டுல நான் ஒரு தப்பு செஞ்சு வச்சிருக்கேன்."

கேட்டு முடித்ததும் நெஞ்சில் கை வைத்தார். "அடப்பாவி! இத்தன வருஷத்துல நீ வாயத் தொறந்து பேசுனதே இன்னைக்குத்தான். பேசுனதும் இதுவா?"

நாலு வீட்டிலும் சரி செய்துவிட்டோம். ஐந்தாவது நீங்கள்தான்.

ஆம்... சென்ற மாதம் படித்துவிட்டு லைட் செய்முறை கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். லுணுகலையில் இருந்து ஒருவர், பழைய பல்பு ஏழு சேர்த்து வைத்துக் காத்திருப்பதாக எழுதியிருந்தார். அண்ணே, அந்த ஏழையும் தயவுசெய்து தொடாதீர்கள். அந்தக் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது, ஆட்டோவில் போகும்போது.

இப்போது எங்கள் தொட்டிக்கு மேலே கண்ணாடி மூடி. அதற்கு மேலே பதுளைக் கடையில் வாங்கிய, நீர் புகாத பன்னிரண்டு வோல்ட் லைட். பாலண்ணன் பொருத்தி, டெஸ்டரை வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டார். ட்ரிப் சுவிட்ச்சும் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

ஆனாலும் சாந்தி தினமும் காலையில் ஒன்று சொல்கிறாள். "செருப்பக் கழட்டுங்க. மொதல்ல நீங்க கைய வைங்க."

கழற்றி வைத்துவிட்டுத்தான் கையை விடுகிறேன். மீன்கள் வந்து விரலைக் கொத்துகின்றன. கரண்ட் அடிக்கவில்லை.

தரைதான்... இவ்வளவு சில்லென்ற தரையிலா இவள் இத்தனை வருஷம் நின்றாள்?