எண்ணெய்த் தலையோடு அருவிக்கு

"இவளா மலையில நடப்பா? பாதி வழியில உக்காந்து அழுவா, பாருங்க மைனி" என்றாள் அத்தை. டெல்லி கிட்வாய் நகர் வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் அம்மா என் தலையில் நல்லெண்ணெயை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளிச் சுற்றுலாவுக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. மலைக்குப் போய், ரயில் நின்றுபோன பழைய பாதையில் நடந்து, ஓர் அருவியைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். தென்காசிக்காரியான அம்மாவின் காதில் விழுந்தது அருவி மட்டும்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்த் தலையைக் கொடுப்பதற்கல்லாமல் வேறு எதற்கு அருவி? டிசம்பர் குளிரில், துண்டும் மாற்றுடையும் பையில் ஏறின.

"தலைய நனைக்காம வந்துராத, கேட்டியா."

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்ட பாதையில் கட்டைகள் மட்டும் கிடந்தன. அவற்றின்மேல் வெள்ளையாக உறைபனி. என் கம்பளிக் குல்லா எண்ணெயில் வழுக்கி வழுக்கிக் கண்ணை மறைத்தது.

"இவ தலையில பூரி பொரிக்கலாம்டா, நெசமா!" என்றான் பின்னால் வந்தவன். நான் திரும்பவில்லை. உட்காரவும் இல்லை.

அருவி விழவில்லை, பனிக்கட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் துண்டை எடுத்ததும் டீச்சர் பதறிவிட்டார். "குளிக்கவா? பைத்தியமா உனக்கு? உள்ள வை, ஜல்தி!"

நடந்து முடித்த பெருமை அங்கேயே போயிற்று. நனையாத தலையோடு அம்மா முன்னால் எப்படி நிற்பது? காலி டிபன் டப்பாவில் பனிக்கட்டியை உடைத்துப் போட்டு மூடினேன்.

வீட்டில் திறந்தபோது எலுமிச்சைச் சோறு மணக்கும் தண்ணீர்தான் இருந்தது. அம்மா என் உச்சியில் கொஞ்சம் தெளித்தாள். பிறகு அந்தக் குளிரில், கண்ணை மூடிக்கொண்டு, தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாள்.

"எனக்கும் கொஞ்சம் வைங்க மைனி" என்று அத்தை தலையைக் குனிந்தாள்.

நான் அழக் கூடாதென்று இரண்டு பேரும் நடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். டெல்லிக்கு வந்த பிறகு அவர்கள் எந்த அருவியின் கீழும் நின்றதில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.

"குற்றாலத்துக்கா? இவ கூட்டிட்டுப் போயிட்டாலும்!" என்கிறாள் அத்தை இப்போது.

சீசனுக்குத் தென்காசி வரை டிக்கெட் எடுத்துவிட்டேன், அத்தைக்கும் சேர்த்து. நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்லெண்ணெயும் வாங்கியாகிவிட்டது.