உப்புப் பூத்த அடுப்படி

அறந்தாங்கியில் ஒரு மாடுலர் கிச்சன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது என் வேலை. கட்டி முடிக்காத வீட்டை, கட்டி முடித்துக் குடியேறிய மாதிரி படமாக்கிக் காட்ட வேண்டும். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். திரை எனக்குப் பழக்கம். எதிரே ஆள் வந்து உட்கார்ந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் நிறையப் பேர் வளைகுடாவில் இருப்பார்கள். அவர்களுக்கு வீடு என்பது போனில் வரும் படம்தான். படத்துக்கு ஓகே வந்தால் கொத்தனார் கரண்டியை எடுப்பார். வராவிட்டால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் பிளானைக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர் சவூதியில். அடுப்படிக்கு ஜன்னலே இல்லை.

“ஒரே ஒரு ஜன்னல் வைங்கக்கா. நாள் பூரா நாந்தான் அதுக்குள்ள கெடக்கணும். வெந்து போயிருவேன்.”

“பிளான்ல இல்லையேம்மா.”

“இருந்துச்சுக்கா. மாமிதான் எடுக்கச் சொல்லிட்டாங்க. அங்கிட்டு அவங்க தங்கச்சி வீடு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. நம்ம வீட்டுல என்ன ஆணம் கொதிக்குதுன்னு அவளுக்கு எதுக்குத் தெரியணும்ங்கிறாங்க. மச்சானும் உம்மா சொல்றதுதான் சரின்னுட்டாரு.”

அடுப்படிச் சுவர் அப்போது இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் செங்கல் ஏறினால் ஜன்னல் பேச்சே கிடையாது. நான் தலையை ஆட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். பிளானில் உள்ளபடியே ஜன்னல் இல்லாமல் வரைந்தேன்.

படம் வந்தது. சுவர், அலமாரி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளி. எங்கள் தொழிலில் இதற்கு நாய்ஸ் என்று பெயர். சத்தமெல்லாம் வராது, மானம்தான் போகும். அதைச் சரிசெய்வதற்குள் முதலாளி அவசரப்பட்டு சவூதிக்கு அனுப்பிவிட்டார்.

பதில் குரல் செய்தியாக வந்தது. அந்தப் பெண் கடைக்கு வந்து என்னிடம் போட்டுக் காட்டினாள்.

“சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கு! போர்த் தண்ணியில கலவை போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? மொதல்ல கொத்தனார நிப்பாட்டு!”

கடற்கரைக்காரர்களுக்குச் சுவரில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உப்புதான். ஃபிரிட்ஜிலுமா உப்புப் பூக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. அங்கே சுவர் இன்னும் இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை என்பதும் அவருக்கு ஞாபகமில்லை. கொத்தனார் பீடியைப் பற்றவைத்துவிட்டார்.

நான் புள்ளியைத் துரத்த ஆரம்பித்தேன். வெளிச்சத்தைக் கணக்குப் போடும் சேம்பிளைக் கூட்டினேன்; கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைந்ததுதான் மிச்சம். புள்ளியை வழித்தெடுக்கும் பட்டனைத் தட்டினேன். புள்ளியோடு டைல்ஸ் கோடுகளும் அழிந்து, சுவர் ஈரத் துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி ஆனது. பளபளப்பினால் இருக்குமோ என்று ஸ்டீல் தொட்டியைக் கழற்றிப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது. கதவைத் திறந்து வைத்தேன். இன்னும் குறைந்தது. கடைசியில் சோதனைக்காகச் சுவரில் சதுரமாக ஒரு ஓட்டை போட்டேன். வெயில் உள்ளே வந்து விழுந்தது. ஒரு புள்ளி இல்லை! உள்ளே வெளிச்சம் பற்றாமல்தான் கம்ப்யூட்டர் திணறியிருக்கிறது.

மறுநாள் மாமியாரும் மருமகளும் பஸ் ஏறி வந்தார்கள். மாமியார் திரையை உற்றுப் பார்த்தார்.

“இதுவா படம்? ரவையைக் கொட்டி வச்சிருக்க.”

“வெளிச்சம் பத்தலம்மா,” என்றேன். “ஜன்னல் இருந்தா போயிரும்.”

சொன்னது முழுக்க உண்மை. படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விளக்கு ஒன்றை மேலே தொங்கவிட்டாலும் போய்விடும் என்பதும் உண்மைதான். அந்த விளக்கு எனக்கு மறக்கவில்லை. வாய்க்குத்தான் வரவில்லை. மருமகள் சுவரிலிருந்த காலண்டரை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் லேசான ஆள் இல்லை. “அப்ப ஒண்ணு செய்யி. படத்துல மட்டும் ஜன்னல வையி. வீட்டுல வேணாம். அவனுக்கென்ன தெரியப் போவுது? புள்ளி போச்சுன்னா வேலைய ஆரம்பிக்கச் சொல்லிருவான்.”

மருமகளின் முகம் விழுந்துவிட்டது. நான் ஜன்னல் வைத்தேன். சதுர ஓட்டையை அகலப்படுத்தி, ரெண்டு கதவு போட்டு, வெளியே கொஞ்சம் வானமும் சேர்த்தேன். அது மாமியார் கேட்காதது.

அன்று சாயங்காலமே பதில் வந்தது. “மாஷா அல்லாஹ்! சுவரு பால் மாதிரி இருக்கு. ஜன்னலும் நல்லாருக்கு, உம்மாவே வைக்கச் சொல்லிருச்சாமே! கொத்தனாருக்கும் இதை அனுப்பிட்டேன். இதுல உள்ளது உள்ளபடி கட்டணும், ஒரு இஞ்சு மாறுனாலும் பணம் வராது.”

மாமியார் மகனிடம் என்ன சொல்ல முடியும்? நான்தான் பொய்ப் படம் அனுப்பச் சொன்னேன் என்றா? கொத்தனார் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு இடம் விட்டுக் கட்டினார்.

சில நாள் கழித்து மாமியார் தனியாகக் கடைக்கு வந்தார். திட்டு விழப் போகிறது என்று நாற்காலிக்குள் சுருங்கினேன். அவர் என் காதருகே குனிந்தார்.

“இந்தா பொண்ணு, இன்னொரு படம் போடு. அதே ஜன்னலு. அதுக்கு வெளிய, தங்கச்சி வீடு தெரியாம உசரமா ஒரு மதிலு. போட்டு அவனுக்கு அனுப்பிரு. படத்துல இருந்தாக் கட்டிருவான்.”

பார்வையைக் கீபோர்டிலேயே வைத்துக்கொண்டேன்.

“மதிலு உசந்தா வெளிச்சம் வராதும்மா. மறுபடியும் புள்ளி விழும். அவரு உப்புன்னு வேலைய நிறுத்திருவாரு.”

அவர் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

“ஒன்ன வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சேன்! சரி, எம்புட்டு உசரம்னா புள்ளி விழாது?”

“முழங்கால் உசரம்,” என்றேன்.