நடுக்கொட்டை

மொச்சை நெத்துல மூணு கொட்டை இருந்தா, உண்ணாமலை நடுக்கொட்டையை மட்டும்தான் விதைக்கு எடுப்பாள். ஓரக்கொட்டைக்கு ஒரு பக்கம் சப்பையாக இருக்கும், அது குழம்புக்கு. நடுவில் இருப்பது ரெண்டு பக்கமும் உருண்டு இருக்கும். அவளுடைய அப்பன் அப்படித்தான் செய்தான். வேங்கிக்கால் பக்கம் அரைக் காணி கொல்லையையும் அந்த மொச்சையையும் சேர்த்துத்தான் அவளைக் கட்டிக் கொடுத்தான்.

புருஷன் வேடியப்பனுக்கு வீடு அடி அண்ணாமலையில். மலைக்கு அந்தப் பக்கம் கொல்லை, இந்தப் பக்கம் குடும்பம். ஆடியில் விதைத்து மாசியில் நெத்து பறித்து மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுவருவாள். வாசலில் பரப்பி, தடியால் அடித்து, ஓரக்கொட்டைக்குச் செம்மண் பூசிக் காயவைப்பாள். நடுக்கொட்டையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு, வாயைச் சாணியால் மெழுகுவாள். ஆடி வரைக்கும் அந்தப் பானையை யாரும் தொடக்கூடாது. பிள்ளைகுட்டி இல்லாதவள். வருஷா வருஷம் அந்தக் கொல்லை பச்சை கட்டுவதுதான் அவளுக்குச் சந்தோஷம், வேற இன்னா இருக்குது சொல்லுங்க.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி ஜில்லா ஆனதும் வேங்கிக்கால் மண்ணுக்கு வந்ததய்யா மவுசு! அஞ்சாறு வருஷத்தில் கொல்லையெல்லாம் மனை. ஒரு பங்குனியில் வேடியப்பன் அவளை ஆபீசுக்குக் கூட்டிப்போனான். மோட்டாருக்குக் கரண்டு கேட்டு மனு, ரேகை வெய்யி என்றான். வைத்தாள். வரும்போது பூ வாங்கிக் கொடுத்தான், படுபாவி. அடுத்த மாசம் அவன் அக்கா பச்சையம்மாளின் மகளுக்கு ஜாம்ஜாம்னு கல்யாணம். மூணு நாள் உண்ணாமலை ஆட்டுக்கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தக் கல்யாணச் சோறு தன் கொல்லை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

வைகாசியில் ஒருநாள் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கும் கூலிக்குப் போய்விட்டுப் பசியோடு வந்தாள் உண்ணாமலை. வேடியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மகளை அனுப்பிவிட்டு இங்கேயே தங்கிவிட்ட பச்சையம்மாள் இவளுக்கும் சோறு போட்டு மொச்சைக் குழம்பு ஊற்றினாள்.

"வெண்ணெ மாதிரி வெந்திருக்குது அண்ணி, இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க."

ஊற்றினாள். மூணாவது வாய்க்குக் கை நின்றுவிட்டது. சோற்றில் கிடந்த கொட்டை ஒண்ணு பாக்கியில்லாமல் உருண்டை. சப்பை ஒண்ணுகூட இல்லை.

"அண்ணி, இது வெதக்கொட்டை."

"இப்பதான் தெரியுதா? மூணாவது தபா ஆக்குறேன். நல்லாருக்கு நல்லாருக்குன்னு நக்கித் தின்னியே!" பச்சையம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கொல்லை போயி ரெண்டு மாசம் ஆவுது. வெத இன்னாத்துக்கு?"

உண்ணாமலை புருஷனைப் பார்த்தாள். "இன்னாய்யா சொல்றாங்க?"

"நீதான ரேகை வெச்ச," என்றான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "அக்கா, கொழம்பு ஊத்து."

ஓடிப்போய்ப் பானையைப் பார்த்தாள். வாய் மெழுகி அப்படியேதான் இருந்தது. மெழுகலில் விரல் தடம் அவளுடையது இல்லை. உடைத்து முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். சாம்பல்தான் வந்தது. அங்கேயே வாந்தி எடுத்தாள். அதையும் அவள்தான் கழுவினாள்.

மறுநாள் வேங்கிக்காலுக்குப் போனாள். மூலையில் அப்பன் வைத்த புங்கமரம் நின்றது. மீதி இடமெல்லாம் வெள்ளையடித்த மனைக்கல்.

ஏழெட்டு வருஷம் கழித்து, பாத்திரம் தேய்க்க அவளுக்கு வேலை கிடைத்ததும் அங்கேதான். புங்கமரம் இப்போது காம்பவுண்டுக்குள். வீட்டுக்காரி அன்புச்செல்வி டீச்சர், குறை சொல்லமுடியாத நல்ல மனுஷி. ஒரு தை மாசம் சந்தையில் வாங்கிய பச்சை மொச்சையை உரிக்கச் சொன்னாள். மரத்தடியில் உட்கார்ந்து உரித்தாள் உண்ணாமலை. டீச்சர் வந்து பார்த்தால் முறத்தில் ரெண்டு குவியல்.

"இது எதுக்குத் தனியா வெச்சிருக்கீங்க?"

"வெதைக்குங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது. பச்சைக்கொட்டை விதைக்கு ஆகாது என்று அவளுக்கா தெரியாது? கை கேட்டால்தானே!

டீச்சர் சிரித்துவிட்டாள். "வெதையா? எங்க போடப் போறீங்க, சுத்தி சிமெண்டு! எல்லாத்தையும் ஒண்ணா கொட்டுங்க, குக்கர் வெக்கணும்."

கொட்டினாள். சாயங்காலம் டீச்சர் ஆசையாக ஒரு டப்பா குழம்பு கொடுத்தனுப்பினாள். வீட்டில் வேடியப்பன் வழித்து வழித்துத் தின்றான். இப்போதும் டீச்சர் வீட்டில் மொச்சை உரிக்கிறவள் உண்ணாமலைதான். நடுக்கொட்டை கண்ணில் படக்கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு உரிக்கிறாள்.