ஹார்ட் டெஸ்ட் என்று எழுதிய பலகை

நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள். வானகரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். தெரியாமல் செய்ததை யாரும் பலகையில் எழுதி, அதற்கு விளக்கும் போட்டு வைக்க மாட்டார்கள்.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். மண்ணூர்பேட்டையில், பம்புக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனியில் சரக்கு சரிபார்க்கும் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஓய்வறையில் சற்றுப் படுப்பேன். படுத்தால் மூச்சு முட்டும், இருமல் வரும். எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடும். வீட்டிலும் அதே கதை.

மாமியார், "மாசமா கீறவளுக்கு மூச்சு வாங்காம இன்னா பண்ணும்?" என்றார். ஷேர் ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர், "கேஸா இருக்கும். சோடா வாங்கியாரட்டா?" என்றார்.

"சோடாவ நீயே குடி" என்று சொல்லிவிட்டு பூந்தமல்லிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

அவர் என்னை மல்லாந்து படுக்கச் சொன்னார். என் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை அழுத்தினார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

"படி ஏறினா மூச்சு வாங்குறது எல்லாருக்கும் வரும்மா. படுத்தா முட்டுதுன்னா அது வேற. இதயம் திணறினா ரத்தத்துல ஒரு பொருள் கூடும். அதைப் பாக்கத்தான் எழுதியிருக்கேன். உடனே எடுத்துட்டு வாங்க."

வரும் வழியில் உங்கள் பலகை கண்ணில் பட்டது. 'இங்கு ஹார்ட் டெஸ்ட் செய்யப்படும்.' உள்ளே போனேன். முன்னால் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், புரியாமல் திருப்பிப் பார்த்தாள், உள்ளே குரல் கொடுத்தாள். "சார், மாசமா கீறாங்க. ஹார்ட்டுக்கு எழுதிக்கீது. இந்த டெஸ்ட் நம்மகிட்ட இல்லையே?"

உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது: "ஹார்ட்டுதானே? நம்ம பேக்கேஜ்ல போடு."

இதை என் காதால் கேட்டேன். அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

ரத்தம் எடுத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு திணறினார். வளைகாப்பு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. "கை பூரா வளையல். நரம்பு எங்கக்கா கீது?"

"தேடு. அதுக்குத்தானே நீ கீற."

மறுநாள் உங்கள் ஆள் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். "ஹார்ட் டெஸ்ட் நார்மல் சார். கொழுப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. பயப்பட ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். "மாமே, என் பொண்டாட்டிக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் சொன்னா எவனாச்சும் நம்பினீங்களா? இப்ப லேப்லயே சொல்ட்டான்!" எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததில் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நிற்கும்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா கொழுப்பைப் பற்றிப் பேசவே இல்லையே. இதயம் திணறுகிறதா என்றுதானே பார்க்கச் சொன்னார்? நடுவில் கொழுப்பு எங்கிருந்து வந்தது? எங்கள் கம்பெனியில் ஓர் அளவு வளையத்தை இன்னோர் அளவு எழுதிய பையில் போட்டு அனுப்பினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். இதுவும் பை மாறிய சரக்குதான் என்று அந்த நிமிஷமே எனக்குப் பட்டது.

"வண்டிய எடு" என்றேன்.

"அதான் நார்மல்னு சொல்ட்டானே. நாளிக்குப் போலாம்."

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்திதான். எடு வண்டிய."

போகும் வழியில் உங்கள் கடையில் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டோம். டாக்டரம்மா அதை ஒருமுறைதான் பார்த்தார். "நான் எழுதினது இதுல இல்லவே இல்ல. இது வெறும் கொழுப்பு டெஸ்ட். மாசமா இருந்தா கொழுப்பு கூடத்தான் செய்யும். உங்க மூச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். அங்கிருந்து நேராகப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அதே கையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்ன அந்தப் பொருள் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. ஸ்கேனில் இதயம் சரியாக ரத்தத்தைத் தள்ளவில்லை என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு கொழுப்பு ஜோக் அடிக்கவில்லை.

பிழைத்துக்கொண்டேன். மகள் கொஞ்சம் முன்னாலேயே பிறந்தாள். இப்போது நான் கொண்டுவரும் கழிவு வளையங்களைக் காலில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறாள். நான் மாத்திரை சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நிற்காமல் ஏறுகிறேன்.

ஏறுகிற தெம்பு வந்ததும் உங்களிடம்தான் வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "கொழுப்பும் ஹார்ட்டு சம்பந்தப்பட்டதுதானேம்மா? இதுல தப்பு என்ன? இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?" என்றீர்கள்.

நான் நன்றாக இருப்பது உங்களால் இல்லை. 'இந்தப் பரிசோதனை எங்களிடம் இல்லை, வேறு இடத்துக்குப் போங்கள்' என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. உங்கள் கடைப் பெண்ணே இல்லை என்றுதான் சொன்னாள். நீங்கள்தான் போடு என்றீர்கள்.

பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. அது போதாதென்று இப்போது சுவரெல்லாம் போஸ்டர். வரும் ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கத்தில் முகாமாம். கர்ப்பிணிகளுக்கு ஹார்ட் டெஸ்ட் இலவசமாம். நீங்கள் தலைமையாம். படுத்தால் மூச்சு முட்டுகிற ஒருத்தியாவது அங்கே வருவாள். உங்கள் நார்மலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பாள்.

நான் என் மகளோடு முன்வரிசையில் உட்காருவேன். மாலை, பொன்னாடையெல்லாம் முடியட்டும். மைக்கைப் பிடித்து அந்தப் பெண்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: நீங்கள் ஹார்ட் டெஸ்ட் என்று எதைப் பார்க்கிறீர்கள்? டாக்டர் எழுதிக் கொடுத்ததையா, உங்களிடம் இருப்பதையா?