புகை வீட்டில் அக்காவைத் தொலைத்த பதினோரு நிமிடம்

எனக்குப் பேய் என்றால் உயிர். கிள்ளானில் ஏர்கோன் பழுது பார்க்கும் வேலை செய்து, மிச்சமாகும் சனிக்கிழமைகளைப் பேய்களுக்குக் கொடுத்துவிடும் ஆள் நான். மூடிக் கிடக்கும் தியேட்டர், பாழடைந்த பங்களா, டிக்கெட் வாங்கிப் பயப்படும் இருட்டு வீடு எதையும் விடுவதில்லை. பேராக்கில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துப் புகை வீட்டைப் பேய் வீடாக மாற்றியிருக்கிறார்கள் என்று போன பள்ளி விடுமுறையில் நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். படத்தைப் பார்த்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். ஏனென்றால் அது நாங்கள் பிறந்த தோட்டம். குடும்பமாக அங்கிருந்து வெளியேறியபோது அவளுக்கு வயது பன்னிரண்டு, எனக்கு நான்கு. அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. என் அக்கா சரசுவுக்குப் பேய் என்றால் அவ்வளவு பயம். அவள் முகத்தை வீடியோ எடுத்துப் போட்டால், பேய் இடங்களைப் பற்றி நான் எழுதும் இந்தப் பக்கத்துக்குக் கூட்டம் வரும் என்று நினைத்தேன். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

காலை ஆறு மணிக்குக் கிள்ளானில் கிளம்பி எட்டே முக்காலுக்கு ஈப்போ சேர்ந்தேன். அக்கா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டீன் நடத்துகிறாள். விடுமுறை என்பதால் மறுக்க அவளுக்குச் சாக்கு கிடைக்கவில்லை. கைக்குட்டை, தண்ணீர் போத்தல், ஆஸ்துமாவுக்கு அடிக்கும் இன்ஹேலர் என்று ஒரு குட்டி வீட்டையே பையில் எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

முதலில் ஈப்போவிலேயே ஒரு மூடிய தியேட்டர். எதிரே உள்ள கடையில் ஆளுக்கு இரண்டு தோசையும் தேத்தண்ணியும், மொத்தச் செலவு பன்னிரண்டு வெள்ளி. தியேட்டரின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஆனால் உள்ளேயிருந்து கீச்கீச்சென்று ஓயாமல் ஒரு சத்தம், ஆயிரம் பேர் பல்லைக் கடிப்பது போல. எனக்கு முதுகு சில்லிட்டது, சந்தோஷமாகவும் இருந்தது. கடைக்காரர் என் கேமராவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பேய் இல்லண்ணே, குருவி. உள்ள ஸ்பீக்கர் வச்சி குருவிச் சத்தம் போடுறாங்க. வெளிய பறக்குற குருவி, நம்ம ஆளுதான் கூப்பிடுதுன்னு உள்ள போயி கூடு கட்டுது. அந்தக் கூட்ட எடுத்து சூப்பு வைக்க விக்கிறாங்க. நல்ல வெலை லா.”

அக்கா தலையை நிமிர்த்தி, குருவிகள் நுழையும் கூரை ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “பாவம், கூப்பிட்டா போயிடுது” என்றாள்.

பேய் ரசிகர்களுக்கு ஒரு தகவல். அந்தத் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். வெளியே நின்று பத்து நிமிடம் சத்தம் கேட்கலாம், செலவில்லை.

அங்கிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்து கிலோமீட்டர் வந்து, சிலிம் ரிவரில் இறங்கி, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே இன்னும் ஒன்பது கிலோமீட்டர். கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. அந்தக் காலத்து ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை. அக்கா மட்டும் ஜன்னல் வழியே “இங்கதான் கடை. இங்கதான் கோயில்” என்று வெறும் செம்பனையைக் காட்டிக்கொண்டு வந்தாள். நான் கேமராவை முடுக்கிவிட்டு அவளைக் கிளறினேன்.

“தோட்டத்துல யாராச்சும் கூப்பிட்டா என்னக்கா செய்யணும்?”

“பதில் சொல்லக் கூடாது. மரத்துக்குள்ள பேரு சொல்லிக் கூப்பிட்டா அது மனுசனா இருக்காதும்பாங்க.”

“யாரு கூப்பிட்டாலும்?”

“யாரு கூப்பிட்டாலும்.”

“சத்தியமா சொல்லு. உள்ள போனா நீ வாயத் தொறக்கவே கூடாது, பாத்துக்க” என்று கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டே சத்தியம் செய்தாள். வீடியோவில் அது அருமையாக வந்திருக்கிறது.

புகை வீடு என்பது ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே அடுப்பு மூட்டி, புகையில் காயவைத்த கட்டடம். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் இன்னும் கரி. சனி ஞாயிறு காலை பதினொன்று முதல் மாலை ஆறு வரை காட்சி, ஆளுக்கு முப்பத்தைந்து வெள்ளி, ஒரு முறைக்கு ஆறு பேர். எங்களோடு தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். வாசலில் விதிகளைச் சொன்னார்கள். பேய்களைத் தொடக் கூடாது. பையை வெளியே வைக்க வேண்டும். முடியவில்லை என்றால் இரண்டு கையையும் தூக்கினால் கூட்டி வந்துவிடுவார்கள். அக்காவின் சுடிதாரில் பாக்கெட் இல்லை. “நீயே வச்சிக்கடா” என்று இன்ஹேலரை என்னிடம் கொடுத்தாள். அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

காத்திருந்து எங்கள் முறை வந்தபோது மணி சரியாக மூன்று. கதவை மூடியதும் வெயில் என்ற ஒன்றே இல்லாமல் போனது. மெஷின் கக்கிய வெள்ளைப் புகை இடுப்பு வரை வந்தது. இருட்டில் ஈரத் துணிகள் ரப்பர் ஷீட் போல முகத்தில் உரசின. சுவருக்குள் ஒளித்து வைத்த ஸ்பீக்கர்கள் மெல்ல அழைத்தன. “அக்கா... அண்ணே... இங்க வாங்க.” நல்ல இனிமையான குரல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது அறையில் அக்காவின் கையை விட்டேன். முன்னால் போய் நின்றால், துணிகளை விலக்கிக்கொண்டு வரும் அவள் முகம் நேராகக் கேமராவில் விழும். நின்றேன். மாணவர்கள் அலறிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். அக்கா வரவில்லை. உள்ளே அவள் இருமுவது கேட்டது. ஆடியோ நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் இருமல் நின்றது.

“அக்கா?” என்றேன். சுவரும் “அக்கா” என்றது.

துணிகளுக்குள் திரும்ப நுழைந்தேன். நான்கு பக்கமும் ஒரே மாதிரி கரி, ஒரே மாதிரி புகை. மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. என் பாக்கெட்டில் இன்ஹேலர் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது. அது இல்லாமல் அவள் எவ்வளவு நேரம் தாங்குவாள் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை வீட்டில் அவள் உதடு நீலமானதைப் பார்த்திருக்கிறேன். “லைட் போடுங்க, ஆளக் காணோம்!” என்று கத்தினேன். அடுத்த அறையிலிருந்து மாணவர்கள் சிரிக்கும் சத்தம் வந்தது. “அண்ணே நல்லா ஆக்டிங் போடுறாரு லா!” ஒரு முகமூடி என் முகத்துக்கு நேராகப் பாய்ந்து உறுமிவிட்டு மறைந்தது. இரண்டு கையையும் தூக்க வேண்டும் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. நான் காசு கொடுத்துத் தேடிப் போன பயம் எதுவும் இதன் பக்கத்தில்கூட வராது.

தலைவிரிகோலமாக, வெள்ளைச் சேலையில் ஒரு பேய் என் பக்கம் வந்தது. அதன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, தொடக் கூடாது லா!”

“எங்க அக்காவக் காணோம். ஆஸ்துமா. மருந்து எங்கிட்ட இருக்கு.”

பேய் அடுத்த நொடி முடியைக் கழற்றி வீசியது. “பூக்கா லம்பு!” என்று விளக்கைப் போடச் சொல்லி மலாயில் கத்தியது. விளக்குகள் எரிந்தன. ஆனால் அதற்குள் தலைக்கு மேல் ஏறியிருந்த புகை வெள்ளையாக ஒளிர்ந்ததே தவிர, கை நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் பொன்னி. பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள், வார நாட்களில் தஞ்சோங் மாலிமில் தொழிற்சாலை வேலை, வாரக் கடைசியில் பேய். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

“அக்கா தோட்டத்து ஆளா?” என்று கேட்டாள்.

“இதே தோட்டம்.”

“அப்ப ஏண்ணே கூப்பிடுறீங்க? தோட்டத்து ஆளுங்க குரலுக்கு வர மாட்டாங்க. கூவணும்.”

எனக்குக் கூவத் தெரியாது. பதில் சொல்லக் கூடாது என்ற பாதி மட்டும்தான் எனக்கு வந்து சேர்ந்திருந்தது. மரங்களுக்குள் மனுசரை மனுசர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற மீதியை நான் கேட்டதே இல்லை. பொன்னி இரண்டு கையையும் வாயருகே குவித்து, “ஊ...ஊ...” என்று நீளமாகக் கூவினாள். ஒன்றும் இல்லை. மறுபடி கூவினாள்.

டொக். டொக். டொக்.

சத்தம் வந்த பக்கம் போனோம். பழைய அடுப்பின் பின்னால், சுவருக்கும் இரும்புக் கம்பத்துக்கும் நடுவே அக்கா உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள். கூவ மூச்சு இல்லாததால், அலங்காரத்துக்கு வைத்திருந்த, மரத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை எடுத்துக் கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு தடவையாவது அந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பேன். இன்ஹேலரை அவசரமாக எடுத்தபோது அது கீழே விழுந்தது. பொன்னிதான் எடுத்து அடித்துவிட்டாள்.

சிலிம் ரிவர் கிளினிக்கில் முக்கால் மணி நேரம் நெபுலைசர் வைத்தார்கள், எண்பது வெள்ளி. பேச்சு வந்ததும் கேட்டேன். “நான் கூப்பிட்டது கேக்கலையாக்கா?”

“கேட்டுச்சு. கிட்டக்கத்தான் நின்ன.”

“அப்பறம் ஏன்?”

“சுவரும் அக்கான்னுதான் கூப்பிட்டுச்சு. நீதானடா சத்தியம் வாங்கின.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “அதோட அது உன் கொரலு மாதிரி இல்லடா.”

போக நினைப்பவர்கள் தாராளமாகப் போங்கள். ஆட்கள் நல்லவர்கள், பயமும் நிஜம். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வெளியே நின்றுவிடுங்கள். அவரவர் மருந்து அவரவர் கையில் இருக்கட்டும். கூட வருபவரின் கையை விடாதீர்கள். இருட்டில் ஒருவரையொருவர் எப்படி அழைப்பது என்று வெளிச்சத்தில் இருக்கும்போதே பேசி வையுங்கள். நான் மருந்தையும் வாங்கிக்கொண்டேன், வாயையும் அடைத்தேன், கையையும் விட்டேன்.

கேமரா அந்தப் பதினோரு நிமிடமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை இங்கே போடவில்லை, போடவும் மாட்டேன். மறுநாள் காலை ஒருமுறை மட்டும் கேட்டேன். படம் முழுக்கக் கருப்பு. இரண்டு குரல்கள் மாறி மாறி அக்காவை அழைக்கின்றன. ஒன்று இனிமையாக, பொறுமையாக, வீட்டு ஆள் அழைப்பது போல இருக்கிறது. இன்னொன்று கரகரத்து, மூச்சிரைத்து, அடித்தொண்டையிலிருந்து வருகிறது. அந்த இரண்டாவது குரல் என்னுடையது என்று புரிய எனக்கே சற்று நேரம் பிடித்தது. அந்த அடுப்புக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தால், சுவரில் இருந்த குரலுக்குத்தான் பதில் சொல்லியிருப்பேன்.