துணித்திரைக்குப் பின்னால்

வகுப்பில் ஒரு ராஜாவைச் சாகடிக்க எனக்கு அரை மணி நேரமாவது வேண்டும். புத்தகத்தில் அவர் சாவுக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருப்பார்கள். எனக்கு அது போதாது. அன்று காலையில் அவர் என்ன சாப்பிட்டார், குதிரை ஏன் முரண்டு பிடித்தது, ராணி வாசலில் நின்று என்ன சொன்னாள் என்றெல்லாம் சொல்லி, கடைசியில் மேசைக்குப் பின்னால் நானே தள்ளாடி விழுந்து காட்டினால்தான் என் மனம் ஆறும். பக்கத்து வகுப்பு வாத்தியார் தடுப்புப் பலகையைத் தட்டுவார். தட்டட்டும் என்று விட்டுவிடுவேன்.

மலாக்கா ஊரில் காஜா பெராங் என்ற பகுதியில் எங்கள் பள்ளி பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற ஒரே நீளக் கட்டடம். மழை பெய்தால் பாடம் நடத்த முடியாது, எழுதச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பாடப்புத்தகங்கள் சென்னையிலிருந்து கப்பலேறி வரும். அதில் இருந்தவர்கள் எல்லாரும் அங்கத்து ராஜாக்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த மலாக்காவைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. பழைய கோட்டை வாசல் நடந்து போய்த் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் நிற்க, பிள்ளைகள் காவிரிக் கரையைப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுக் கப்பலாக்குவேன். துணி மூட்டைகளோடு வந்த வணிகர்கள் காற்று மாறும்வரை இங்கே தங்கி, சோறு பொங்கிச் சாப்பிட்டு, சிலர் திரும்பிப் போகாமல் இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட கதையைச் சொல்வேன். எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்த செட்டிக் குடும்பங்கள் அவர்கள் வழியில் வந்தவர்கள்தான். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். அந்த வீட்டுப் பெண்கள் ஜன்னலோரம் நடந்து போனால் பிள்ளைகள் எழுந்து நின்று பார்ப்பார்கள். இப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கி வருகிறார்கள் என்று நினைப்பு.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல், கேள்வி கேட்டே ஆளை ஒருவழி பண்ணும் ரகம். சுல்தானின் சபையை நான் வர்ணித்துக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் முகம் எப்படி இருந்தது என்று டீச்சருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது, படமும் கிடையாது, அதனால் நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொன்னேன். மணி அடித்து மற்றவர்கள் ஓடிய பிறகும் அவள் போகவில்லை. என் மேசையருகே வந்து நின்றாள்.

"எங்கப்பா மூஞ்சி மறந்துகிட்டே போவுது டீச்சர். மீசை மட்டுந்தான் இருக்கு."

அவளுடைய அப்பா நகராட்சியில் தெருப் பெருக்குகிறவர். காய்ச்சல் என்று படுத்தவர் அதற்கு முந்தைய மழைக்காலத்தில் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நகராட்சி ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் போய் அவள் அம்மாவைப் பார்த்தேன். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லையா என்று கேட்டேன். கல்யாணத்தில் எடுக்கவில்லை, அதற்குப் பிறகு எடுக்க வசதியில்லை என்றார். கணவர் முகம் பதிந்திருந்தது அடையாள அட்டை ஒன்றில்தான். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்து காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்ட காலம் அது. ஊரில் எல்லாருமே படம் ஒட்டிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும். ஆனால் ஆள் இறந்துவிட்டால் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். படத்தை மட்டும் கிழித்துத் தர முடியுமா என்று இந்த அம்மா கேட்டிருக்கிறார். முடியாது என்று ஆபீசில் பக்குவமாகத்தான் சொன்னார்களாம். அட்டையைக் கொடுத்துவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அழவில்லை. நான்தான் அழுதேன்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் எந்த நாளில் வரும் என்று கடலோரத் திடலில் தலைவர் அறிவித்ததை மலாக்காக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே திரண்டு போன அந்தக் காலையில் எங்கள் தலைமையாசிரியரும் போனார், வாத்தியார்களும் போனார்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். வரலாறு, வரலாறு என்று நாள் முழுக்கக் கத்துகிற நான், அது ஒரு சைக்கிள் தூரத்தில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பையனுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் இந்தப் பெண்ணின் அப்பா அங்கே இருந்தார். விடியற்காலையில் திடலைப் பெருக்கப் போனவர், வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வந்தார். அன்று ராத்திரிச் சாப்பாடு ஆறும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி சொன்னார்.

ஆகவே, ஊர் ஊராகப் போய்ச் சினிமா காட்டும் அரசாங்கப் படவண்டி எங்கள் பள்ளித் திடலுக்கு வருகிறது, கடலோரத் திடலில் அன்று எடுத்த காட்சியைத்தான் போடப் போகிறார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னதும் எனக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார், கூட்டத்தில் உன் அப்பா இருந்தாலும் இருப்பார் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இல்லாவிட்டால் என்ன செய்வது? அம்மாவையும் அழைத்தேன். இன்னும் வருஷம் திரும்பவில்லை, படம் பார்க்கப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார்.

இருட்டியதும் இரண்டு மூங்கில்களுக்கு நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். வண்டிக்குள் மின்சார எஞ்சின் தடதடவென்று ஓடியது. முன்பக்கம் இடமில்லாமல் போனதும் பாதிக் கூட்டம் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அந்தப் பக்கத்திலும் படம் தெரியும், இடம் வலமாகத் தெரியும், அவ்வளவுதான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. படம் பேசுவது மலாயில். நடுநடுவே சத்தத்தைக் குறைத்துத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று படம் ஓட்டுகிற மலாய்க்காரர் கேட்டார். எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள். மைக் கையில் கிடைத்தால் நான் விடுவேனா?

விளக்கு அணைந்து துணியில் எங்கள் ஊர் தெரிந்தது. அதுவரை சினிமாவில் வேறு எவரெவர் ஊரையோ பார்த்தவர்கள் நாங்கள். இப்போது எங்கள் கடலோரம், எங்கள் மரங்கள், தினம் நாங்கள் நடக்கிற தெரு. பிள்ளைகள் மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் பறந்துவிட்டது. "பாருங்க, இது நாமதான்" என்று மைக்கில் சொன்னேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மேடையிலிருந்து எடுத்த காட்சி வந்தது. ஆயிரக்கணக்கான முகங்கள். அதோ எங்கள் மாமா, அதோ ரொட்டிக்காரர் என்று பிள்ளைகள் விரல் நீட்டினார்கள். இந்தப் பெண் மட்டும் யாரையும் காட்டவில்லை. முழங்காலிட்டு எழுந்து, மேலிருந்து கீழாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தேடினாள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு முகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். காட்சி மாறிவிட்டது. கூட்டத்தின் பின்னாலிருந்து எடுத்த காட்சி, வெறும் முதுகுகள், தூரத்தில் மேடை. பிறகு அதுவும் முடிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூஞ்சியெல்லாம் வேகமாகப் போய்விட்டது என்றாள். அழவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படக்காரரிடம் ஓடினேன். அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்திப் போட முடியுமா என்று கேட்டேன். நிறுத்தினால் விளக்குச் சூட்டில் படச்சுருள் பொசுங்கிவிடும் என்றார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். என்னையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுகிறேன் டீச்சர் என்று மலாயில் சொல்லிச் சுருளைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தார்.

அந்த இடைவெளியில் நான் மைக்கோடு துணியோரம் திரும்பி வந்ததும் யாரோ என் கையைத் தொட்டார்கள். அவள் அம்மா. வரமாட்டேன் என்றவர், யார் கண்ணிலும் படாமல் துணிக்குப் பின்னால், கூட்டத்துக்கும் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"முதுகு காட்டி நிக்கிறாங்கல்ல டீச்சரம்மா, அதுல மரத்துகிட்ட தலையில துண்டு கட்டினவரு. அவருதான்."

முதுகை வைத்து எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒத்தக் கால்ல நின்னுகிட்டு மத்தக் காலால கெண்டைய சொறியறாரு. எங்க நின்னாலும் அப்படித்தான் நிப்பாரு."

படம் மறுபடி ஓடியது. முகங்கள் வந்தன, போயின. முதுகுகள் வந்ததும், மரத்தடியில் தலைத்துண்டோடு நிற்கிறவரைப் பாருங்கள், அவர் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அப்பா, அந்தத் திடலைப் பெருக்கியவர் என்று சொன்னேன். அவர் இருந்தார். நிஜமாகவே இருந்தார். ஒடுங்கிய முதுகும் வெறுங்காலுமாக, ஒரு காலை உயர்த்தி மற்றக் காலைச் சொறிந்துகொண்டு, எல்லாரோடும் சேர்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போன ஒரு மனிதர் எங்கள் கண் முன்னால் கால் மாற்றி நின்றார். நான் சொன்ன எந்த ராஜா கதையிலும் இப்படி ஒன்று நடந்ததில்லை.

அந்தப் பெண் எழுந்தாள். துணியை நோக்கி ஓடினாள். அம்மாவிடம் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், அவரைத் தாண்டிக்கொண்டு அவள் ஓடினாள். மூங்கிலைச் சுற்றித் துணிக்குப் பின்னால் போய், தலையை நிமிர்த்தி நின்றாள். இந்தப் பக்கம் முதுகு தெரிந்தால் அந்தப் பக்கம் முகம் தெரியும் என்று போயிருக்கிறாள். சிரித்த ஒன்றிரண்டு பேரும் அது புரிந்ததும் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

காட்சி முடிந்து அவள் மெதுவாகத் திரும்பி வந்தாள்.

"அந்தப் பக்கமும் திரும்பல டீச்சர். இன்னொரு தடவ போடச் சொல்லுங்க, இப்ப திரும்புவாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பமாட்டார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தானே டீச்சர்? ஆனால் நான் படக்காரரைப் பார்த்தேன். அவர் எதுவும் கேட்காமல் சுருளைச் சுற்றினார். மறுபடி விளக்கு அணைந்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். தலைவர் மேடையில் கையை உயர்த்திப் பேசினார், நாட்டுக்கே நல்ல சேதி சொன்னார். அவரை யாரும் பார்க்கவில்லை. செட்டிப் பெண்களும், கடைக்காரர்களும், தலைமையாசிரியரும், நானும், மரத்தடியில் நின்ற அந்த ஒருவரையே பார்த்துக்கொண்டு, அவர் திரும்பட்டும் என்று காத்திருந்தோம்.